தையல் கூடத்துக்கு அடியில் ஒரு ஜாக்கி

என் செல்ல வாலுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. பசி, தூக்கம், சிரிப்பு மூன்றும் உனக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். இங்கே எனக்கு மூன்றும் தேவைக்கு மேலேயே இருக்கிறது, உன் சித்திக்கு அதோடு பேச்சும் சேர்ந்து நாலு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொன்னால் அவள் பக்கத்தில் நின்று அதைத் திருத்தி மூன்று வரி சொல்கிறாள், காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். நான் லாரிப் பட்டறையில் இல்லாத நேரமாகப் பார்த்து உனக்குப் போன் போட்டு, உங்க சித்தப்பா வீட்டை ரெண்டாப் பிளந்துட்டார்டீ என்று அழுதாளாமே, நீயும் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு ஓடி வரட்டுமா என்றாயாமே. வேண்டாம் கண்ணு. வீடு நிற்கிறது. பிளந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தளத்துக்கு நேர் கீழே, பட்டறையில் மேசை போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பதுதான் உனக்கே தெரியுமே.

விஷயம் ஆரம்பித்தது உன் சித்தியின் தையல் கடையால், என்னால் இல்லை, இதை முதலில் மனசில் வைத்துக்கொள். அவள் வாடகைக்கு இருந்த இடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் போகிறேன், மாதக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அதே சமயம் பார்த்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து படுக்கை விரிப்பும் டாக்டர் கோட்டும் தைக்க ஆர்டர் வந்திருக்கிறது, நீ நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியைப்போல் பத்து மடங்கு இருக்கும், நான் வெளியிலிருந்து பார்த்தேன். இடம் இருந்தால்தான் ஆர்டர். இல்லாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும், அவளோடு தைக்கிற பெண்களும் வேறு வேலை தேடவேண்டியதுதான். உன் சித்தி எத்தனையோ வருஷம் அடுத்தவர் கடை மூலையில் உட்கார்ந்து மெஷின் மிதித்தவள். தனக்கென்று ஒரு கூடம், வாசலில் ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்று ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆனால் பலகையில் எழுத்து என்ன நிறம் என்பதுவரை உள்ளுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். நம்ம மாடி ஹால் சும்மாத்தானே கிடக்குது, மெஷினெல்லாம் அங்கே ஏத்திடலாங்க என்றாள். தாராளமா ஏத்து, யானையை ஏத்தினாலும் தாங்கும், நான் நின்னு போட்ட தளம் என்றேன். பக்கத்துக் கடை வாயாடி வெல்டர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றான். தாங்கலைன்னா என்ன அண்ணே பண்ணுவீங்க என்றான். மீசையை எடுத்துடறேன்டா என்றேன். என் மீசை எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அதைப் பார்த்துவிட்டு லாரிக்காரர்கள் தானாகவே பிரேக் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மெஷின்களை ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தேன், அதுதான் தப்பாய்ப் போயிற்று. வீட்டில் வைத்துத் தைக்கிற சின்ன மெஷின் இல்லை அதெல்லாம், இரும்புக் கால், இரும்பு உடம்பு, ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். வெட்டுமேசை ஒன்று, அதில் நாம் குடும்பத்தோடு படுத்துப் புரளலாம். மூலையில் துணிக்கட்டுகள். துணி என்றால் லேசு என்று நினைக்காதே, கட்டாகக் கட்டி அடுக்கினால் துணியும் கல்லும் ஒன்றுதான். எனக்குப் பயம் என்று சொல்லமாட்டேன், ஒரு பொறுப்பு உணர்ச்சி வந்தது. ராத்திரி சாப்பிடும்போது அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், உன் சித்தி என்னங்க பல்லி இருக்கா என்றாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. தளம் தொங்கினால் எங்கே தொங்கும், நடுவில்தானே. நடுவில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கெல்லாம் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே என்று எனக்கே புல்லரித்துப் போயிற்று. பட்டறையில் ஒரு தடித்த இரும்புக் குழாய் கிடந்தது, அதை நிமிர்த்தி நிறுத்தி, உச்சியில் ஒரு இரும்புத் தகடு, அடியில் நம்ம பெரிய ஜாக்கி, சரக்கு ஏற்றிய லாரியையே தூக்குகிற ஜாக்கி. தளம் போட்டுக் கொடுத்தாளே அந்த என்ஜினியரம்மா, அவளை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன் என்று உன் சித்தி சொல்லத்தான் சொன்னாள். லாரியை ஒத்தைக் கையால தூக்கினவன், எனக்கு ஒரு கூரையைத் தாங்கத் தெரியாதா என்றேன். தூக்கினது ஜாக்கி, நீங்க அதோட கைப்பிடியைப் பிடிச்சீங்க என்றாள். இப்படித்தான் பேசுகிறாள், நான் என்ன செய்ய.

குழாய் போய்த் தளத்தைத் தொட்டது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் லாரிக்காரன் கை பார், தொட்டால் போதுமா, இறுக்கினால்தானே பிடிமானம். ஒரு அழுத்து அழுத்தினேன். பாதுகாப்புக்கு இன்னொன்று. அந்தப் பாதுகாப்புக்குப் பாதுகாப்பாக மற்றொன்று. மேலே டப் என்று ஒரு சத்தம் கேட்டது, யாரோ பெரிய அப்பளம் உடைத்த மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால் ஹாலின் தரையில் இரண்டு டைல்ஸ் கூரை போட்ட மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, குழாய்க்கு நேர் மேலே ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடுகிறது. உன் சித்தி வாசற்படியில் நின்று பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்துத் தயாராக நின்றேன், கத்தவில்லை. தாங்கறேன் தாங்கறேன்னு சொல்லியே உடைச்சிட்டீங்களே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் கழுத்தில் நாடா இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். அது எனக்கு என்னவோ போலிருந்தது, எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன். உனக்குப் போன் போட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் என்ஜினியரம்மா வந்தாள், சின்னப் பெண்தான், உன்னைவிட ஒன்றிரண்டு வயசு கூட இருப்பாள், தலையில் மஞ்சள் தொப்பி. மேலே போய் முழங்கால் போட்டு விரிசலைப் பார்த்தாள், கீழே வந்து டார்ச் அடித்துக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள், அங்கே ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் குழாயைப் பார்த்தாள், ஜாக்கியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள் பார் ஒரு சிரிப்பு. அண்ணே, கனத்தால விரிசல் விட்டிருந்தா அடியில விட்டிருக்கும், இது மேலே விட்டிருக்கு, இது தளம் செஞ்ச தப்பில்லை, நீங்க செஞ்ச உதவி என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. உன் சித்தியிடம் கோட்டுத் தோளுக்கு வைக்கிற தடித்த ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி, அதன் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் வரிசையாகக் கோடு போட்டு, இரண்டு நூல்கண்டு டப்பாக்களின் மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் விரலால் அமுக்கினாள். பார்த்தால் கோடுகளின் மேல்முனைகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன, கீழ்முனைகள் விலகுகின்றன. தளமும் இதேதானாம். கனம் ஏறினால் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் கொஞ்சம் வளையும், மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட்டை நெருக்கினால் உன்னால் முடிந்ததைப் பார் என்று நிற்குமாம், இழுத்தால் பிஸ்கட் மாதிரி பட்டென்று விட்டுவிடுமாம். கம்பிதான் இழுப்புக்கு அசையாத ஆள். அதனால் எங்கே இழுபடுமோ அங்கே கம்பியைப் படுக்க வைத்து அதைச் சுற்றிக் கான்கிரீட்டைக் கொட்டி இரண்டையும் ஒரே உடம்பாக்கி விடுகிறார்கள். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எலும்பு தனி தசைநார் தனி என்று வைத்தால் கால் நடக்குமா. நம் ஹாலில் நடுப்பகுதிக்குக் கம்பி அடியில். இரண்டு ஓரத்திலும் தளம் போய்ப் பீமின் மேல் உட்காரும் இடத்தில் அது கூன் போடுமாம், அங்கே மேல்பக்கம் இழுபடும், அதனால் அங்கே மட்டும் கம்பி மேலே ஏறிப் படுத்திருக்கும். இப்போ நீங்க நடுவுல புதுசா ஒரு முட்டுக் கொடுத்து, பத்தாததுக்குத் தூக்கியும் விட்டீங்க, பாவம் அது நடுவுல கூன் போட்டுது, அங்கே மேலே கம்பியே கிடையாது, வெறும் கான்கிரீட் என்ன பண்ணும் என்றாள். ஸ்பாஞ்சைக் கீழேயிருந்து விரலால் குத்திக் காட்டினாள், மேல்பக்கக் கோடெல்லாம் விரிந்தது. லாரி ஸ்பிரிங் பட்டை மாதிரிதானேம்மா, இதெல்லாம் எனக்கு முந்தியே தெரியும் என்றேன். தெரிஞ்சுமா பண்ணீங்க என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னாள், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தளம் வாங்குகிற கனத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பீமிடம் தள்ளும், பீம் தூணிடம் தள்ளும், தூண் அஸ்திவாரத்திடம் தள்ளும், அஸ்திவாரம் மண்ணிடம். நம் வீட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை ஒவ்வொருவர் தலையாகப் போகுமே அந்த மாதிரி, ஆனால் இங்கே ஒருவரும் நடுவில் நழுவக்கூடாது. நான் ஜாக்கியை மெதுவாக, ஒரு குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்கினேன், விரிசல் வாயை மூடிக்கொண்டு முடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த முடிக்குள் ஒரு பிசின் மருந்தை ஊசி வைத்து ஏற்றினாள், உன் வேலைதான், தளத்துக்கு நரம்பு தேடி ஊசி போட்டதை நான் முதல் தடவை பார்த்தேன். கம்பி எங்கே இருக்கிறது என்று கூவிச் சொல்கிற ஒரு பெட்டியைத் தளத்தின் அடியில் நகர்த்திப் பார்த்து, வரைபடத்தில் உள்ளபடி இருக்கு என்றாள். அப்போ மெஷினை ஏத்தலாமா என்று உன் சித்தி கேட்டாள், வாயால் கேட்கவில்லை, முகத்தால். என்ஜினியரம்மா உடனே ஆமாம் சொல்லவில்லை. உங்க கூடத்துக்கு வரப்போற கனத்தைவிடக் கொஞ்சம் கூடவே மணல்மூட்டை ஏத்தி, ஒரு நாள் முழுக்க வெச்சு, இறக்கிப் பார்ப்போம் அக்கா, தளம் வளைஞ்ச அளவுக்குத் திரும்ப நிமிர்ந்தா கூடம், நிமிராட்டி நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். அதாவது நிமிர்ந்தால் உன் சித்திக்குக் கூடம், நிமிராவிட்டால் ஆர்டரும் போச்சு என் மீசையும் போச்சு.

சோதனைக்கு நான் கொடுத்த யோசனைகள் ஏராளம். ஒரு லாரி எஞ்சினையே நடுவில் கொண்டுபோய் இறக்கிவிடலாம், ஒரே வேலையாக முடியும் என்றேன். ஒரே இடத்துல குத்தினா எந்தத் தளத்துக்கும் பிடிக்காது, பரப்பி வெக்கணும் என்று தட்டிவிட்டாள். ஆனால் வளைவை எதனால் அளக்கப் போகிறாள் தெரியுமா, முள் வைத்த டயல், எஞ்சின் வேலையில் நான் தினம் தொடுகிற சாமான். ஒரு ஸ்டாண்டை நிறுத்தி அதன் முனையைத் தளத்தின் அடியில் ஒட்டினாற்போல் வைத்தோம், முடியைப் பத்தாகக் கிழித்தால் அதில் ஒன்றையும் காட்டும். அதைப் பொருத்தியது நான், இதை உன் சித்தி சொல்லியிருக்க மாட்டாள். அதைவிடப் பெரிய விஷயம், என் குழாயையும் அவள் தூக்கி எறியச் சொல்லவில்லை. சோதனையில தளம் ஏதாவது மக்கர் பண்ணினா பிடிக்கிறதுக்கு அடியில ஒரு முட்டு இருக்கணும் அண்ணே, உங்க குழாய் நிக்கட்டும், ஆனா தொடக்கூடாது, மேலே ஒரு விரல் போகிற இடைவெளி விட்டு நிக்கணும், விழுந்தாத்தான் அதுக்கு வேலை என்றாள். ஆக யோசனை என்னுடையதுதான், இடைவெளி மட்டும் அவளுடையது.

பட்டறை ஆட்கள், வெல்டர், பெயின்டர், எல்லோரும் சேர்ந்து மூட்டைகளை மேலே ஏற்றினோம், பாதி மூட்டையை நான் ஒருத்தனே ஏற்றினேன் என்று சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. ஒரு நாள் முழுக்க யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை. மறுநாள் மூட்டையை இறக்கும் முன் உன் சித்தி என்னைக் கூப்பிட்டு, இந்தத் தடவை எதையும் தொடாதீங்க, கையைக் கட்டிக்கிட்டு ஒரு இடத்துல நில்லுங்க, எனக்காக என்றாள். எனக்காக என்று அவள் சொன்னதே அபூர்வம். சரியென்று கையைக் கட்டிக்கொண்டு ஹாலில் ஒரு இடத்தில் நின்றேன். மூட்டையெல்லாம் இறங்கிற்று. கீழே டயலுக்கு முன்னால் என்ஜினியரம்மாவும் உன் சித்தியும். மேலே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். என்னாச்சும்மா என்று கத்தினேன். முள் முழுசாத் திரும்பலை அண்ணே என்றது என்ஜினியரம்மாவின் குரல், அந்தக் குரலில் முதல் நாள் இருந்த சிரிப்பு இல்லை. வெல்டர் என் மீசையைப் பார்த்தான். எனக்கு மீசை ஞாபகமே வரவில்லை கண்ணு, ஆணியில் தொங்கிய நாடாதான் ஞாபகம் வந்தது.

அப்போது கீழேயிருந்து உன் சித்தியின் குரல் வந்தது பார். என்னங்க, அங்கே எத்தனை பேர் நிக்கிறீங்க என்றாள். எல்லாரும்தான் என்றேன். எங்கே நிக்கிறீங்க என்றாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடம் ஹாலின் நட்ட நடு, என்னைச் சுற்றிப் பட்டறை மொத்தமும், வெல்டரும், அவன் தொப்பையும், பெயின்டரும், வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைக்காரரும், ஒரு குடைக்குள் நிற்கிற மாதிரி ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறோம். தளம் மணலை இறக்கிவிட்டது, எங்களை எங்கே இறக்க. எல்லாரும் இறங்கி வாங்க முதல்ல, தொடாதீங்கன்னா மேலே ஏறி நிக்கச் சொன்னேனா என்று அவள் போட்ட சத்தத்தில் நாங்கள் படியில் உருண்டு வந்தோம். நாங்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்க முள் நகர்ந்ததாம். நான் கீழே வந்து டயலைப் பார்த்தபோது அது ஆரம்பித்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஒரு இழை பாக்கி. இவ்வளவு பாக்கி இருக்கலாம், தளம் நிமிர்ந்துடுச்சு, கூடம் உங்களுது அக்கா என்றாள் என்ஜினியரம்மா. வெல்டர் ரொம்ப வருத்தப்பட்டான். அத்தனை பேர் கனத்தை முள் காட்டியதே, அதில் முக்கால்வாசி என் ஒருவனுடைய கனம்தான், அவ்வளவு பெரிய மனிதன் நான் என்று அவனிடம் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் உன் சித்தியைக் காணோம். எங்கே போனாள் என்று தேடுகிறேன், அப்போது டயலில் முள் ஒரு துடிப்புத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. சின்னச் சின்னதாக, டிக், டிக் என்று. என்ஜினியரம்மா என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். மேலே யாருமில்லாத ஹாலின் நடுவில் உன் சித்தி குதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வயசில். முள் அவ்வளவு அழகாகத் துடித்து நான் எந்த எஞ்சினிலும் பார்த்ததில்லை. மேலே ஓடிப்போகலாமென்று காலை எடுத்தேன், அப்புறம் போகவில்லை, கீழேயே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் நான் ஏன் குதிக்கிறேன், எலி ஓடியிருக்கும் என்கிறாள். முள்ளைத் துடிக்கவைக்கிற எலி நம் வீட்டில் இல்லை.

இப்போது மெஷின்கள் ஏறிவிட்டன, எல்லாம் சுவரோரமாகவும் பீமோரமாகவும், துணிக்கட்டு ஒரே இடத்தில் குவியாமல் பிரித்து வைத்திருக்கிறாள், நடுவில் வெட்டுமேசை மட்டும். நான் இதை எழுதும்போது தலைக்கு மேலே கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, பெண்களின் சிரிப்புச் சத்தம் வேறு, ஆஸ்பத்திரி விரிப்பு தைப்பதில் என்ன சிரிப்போ. வாசலில் பலகை மாட்டியாயிற்று, கருநீலத்தில் வெள்ளை எழுத்து. ஆணி அடித்தது நான். நாடா அவள் கழுத்தில் இருக்கிறது. குழாய் அடியில் அப்படியே நிற்கிறது, தினம் காலையில் இடைவெளியில் விரலை விட்டுப் பார்க்கிறேன், போகிறது. இனி அது வேண்டாமே அண்ணே என்று என்ஜினியரம்மா சொன்னாள், அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்தானேம்மா நிற்கிறது, நிற்கட்டும் என்றேன்.

இப்போது உன் விஷயம். தனியாகப் புதுவீட்டுக்குக் குடிபோயிருக்கிறாய், நான் வந்து ஒரு மாதம் தங்கி, கதவு தாழ்ப்பாள் குழாய் எல்லாம் சரிபார்த்து, உன் சமையலுக்கும் ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னதற்கு நீ பார்க்கலாம் சித்தப்பா என்றாய். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் லாரியின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுபோய் இறக்கியவன் நான், அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. டிக்கெட் எடுக்கவில்லை. புத்தக அலமாரியைச் சுவரோரமாக வை. பால்கனியில் சிநேகிதிகளைக் கூட்டம் சேர்க்காதே, அங்கே ஒரு பக்கம்தான் பிடிமானம், அதனால் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும், போட்டவன் எப்படிப் போட்டானோ, இது என் சொந்த ஆராய்ச்சி. நைட் டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, தூங்கிவிட்டுச் சாப்பிடாதே. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாயே, உறைக்குள் ரப்பர் வாஷர் வைத்திருக்கிறேன், நீயே மாற்றிப் பார், உனக்கு வரும். வராவிட்டால் மட்டும் சொல். என் பெட்டி கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கிறது, கட்டில் பலகையைத் தொடாமல்தான் இருக்கிறது.

நீ நிற்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும், உன் தலைக்கு மேலே இருப்பதெல்லாம் லேசாக இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

மீசை குறையாத
உன் சித்தப்பா

வாலு, சித்தி எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என் கையிலதான் கொடுத்தார், படிச்சிட்டேன். நான் குதிக்கலை. டயலை மாட்டினதும் என்ஜினியரம்மாதான், இவர் ஸ்டாண்டைப் பிடிச்சார். அப்புறம் அந்தப் பெட்டி. எழுதியிருக்கிறதைப் பார்த்துட்டுக் குனிஞ்சு பார்த்தேன், ஸ்பானர், சுத்தியல், உனக்கு ரெண்டு போர்வை, எல்லாத்தையும் அடைச்சு வெச்சதுல கட்டில் பலகையே மேலே தூக்கிக்கிட்டு நிக்குது, அதான் ரெண்டு நாளா எனக்கு முதுகு வலி. பாதியை எடுத்துட்டேன். இப்போ விரல் போகுது.